பாட்டியின் வரப்புக் கீரை எந்தக் கணக்கில் வரும்?

கேள்வி: சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நெய்வேலி மக்களின் உணவு முறை பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். டவுன்ஷிப்பில் 100 குவார்ட்டர்ஸ் வீடுகளில் படிவம் நிரப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். என் பாட்டியின் ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ‘அங்க வரப்புல சும்மா கெடந்த கீர, இங்க காசு குடுத்தாலும் கெடைக்காது’ என்று அடிக்கடி சொல்வார். இதை ஆய்வில் சேர்க்கலாமா, வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடுவார்களா?

– நெய்வேலி வாசகி

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம் அம்மா. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்றே சொல்வேன். 100 வீடுகளில் படிவம் நிரப்பினால் இன்றைக்கு யார் என்ன வாங்குகிறார்கள் என்பது தெரியும். வாங்காமலே கிடைத்துவந்தது எது, அது எப்போது நின்றது என்பது எந்தப் படிவத்திலும் வராது. நெய்வேலியில் உணவைப் பற்றிக் கேட்க வேண்டிய பெரிய கேள்வியே அதுதான்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துப் பாசனத்துக்காகக் கிணறு தோண்டப்போய்த்தான் இந்த ஊரின் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. பயிருக்குத் தண்ணீர் தேடிய இடத்தில் 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்தது, ஊர்கள் இடம் பெயர்ந்தன. வில்லுடையான்பட்டு போன்ற பெயர்கள் இன்று கோயிலோடு சேர்ந்துதான் நம் வாயில் புழங்குகின்றன.

நிலத்தை எடுக்கும்போது ஏக்கரை அளக்கிறார்கள். கிணறு, வீடு, முந்திரி, பலா எல்லாம் எண்ணிக்கைக்குள் வரக்கூடியவை. வரப்பில் முளைத்த கீரையை யார் எண்ணுவது? மழைக்குப் பின் வயலில் பிடித்த நண்டு, ஏரி வற்றும்போது அள்ளிய கெண்டை, அறுவடைக்குப் பின் பொறுக்கிய கதிர், களத்தில் கூலியாக அளந்த நெல், தரிசில் மேய்ந்த ஆட்டின் பால் என்று எத்தனையோ உண்டு. பட்டா உள்ளவருக்கு நிலத்தின் விலையாவது கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, மடியில் கீரையோடு வீடு திரும்பிய கூலிப் பெண்ணுக்கு அதில் பங்கு ஏது? ஆகவே, நிலம் கொடுத்தவர்களிடம் மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அதே ஊரில் நிலமில்லாமல் இருந்தவர்களைத் தேடிப் போங்கள். நண்டும் நத்தையும் சாப்பிட்டதை எடுத்த எடுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். சாதி பார்த்து இளக்காரமாக நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது முறை போய்த் திண்ணையில் உட்காருங்கள், பேச்சு தானே வரும்.

இது பழைய கதை மட்டுமல்ல. 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்தக் குடும்பங்களின் வீட்டில் அந்த ஆண்டு அரிசி எங்கிருந்து வந்தது, மாட்டுக்கு வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். ஆய்வேட்டில் அது ஒரு தனி அத்தியாயமாகவே நிற்கும்.

தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். அதில் ஒரு பகுதி வாலாஜா ஏரிப் பக்கம் போய் நெல்லுக்குப் பாய்கிறது. சுரங்கத்தால் நிலம் போனவரும், சுரங்க நீரால் பயிர் செய்பவரும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். டவுன்ஷிப் வீட்டுச் சோற்றில் இந்த இரண்டு ஊர்களின் கதையும் இருக்கிறது. டவுன்ஷிப் வேலியோடு ஆய்வை நிறுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய சாப்பாடெல்லாம் அமுதம் என்று எழுதிவிடாதீர்கள். பாட்டியிடம் கீரையைக் கேட்கும்போதே, எந்த மாதம் அடுப்பு எரியவில்லை என்றும் கேளுங்கள். கம்பும் வரகும் விரும்பி உண்ட வீடும் உண்டு, அது தவிர வேறில்லாமல் உண்ட வீடும் உண்டு. 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லாமல் வரும் அரிசி அந்த வீட்டுக்கு என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேராகும். ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்பதை ஆடியில் ஒரு முறையும் தை அறுவடையின்போது ஒரு முறையும் கேளுங்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவர் யார், அவருக்குக் குழம்பு மிஞ்சியதா என்பதும் தெரிய வேண்டும்.

பக்கத்து வடலூருக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு, ஊர்மக்கள் கொண்டுவந்து தரும் அரிசியாலும் காய்கறியாலும் எரிந்துகொண்டிருக்கிறது. தைப்பூசத்துக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து மூட்டை வருகிறது, அதில் சொந்த வயலில் விளைந்தது எவ்வளவு, கடையில் வாங்கியது எவ்வளவு என்று கொண்டுவருபவர்களையே கேளுங்கள். இந்த வட்டாரத்து விவசாயம் எங்கே நிற்கிறது என்பதை அந்த மூட்டைகளே சொல்லிவிடும்.

உங்களுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களைப் பற்றி எழுதச் சொல்லி, அந்தக் கட்டுரைகளை 1918-ல் நூலாக வெளியிட்டார். அதில் ஒன்று அன்றைய தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. 1916-ல் பார்த்த அந்த ஊருக்கு 1937, 1961, 1981, 2008 என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். முன்பு எழுதியதை நேரில் ஒப்பிட அந்த ஊர் இருந்தது.

உங்கள் பாட்டியின் ஊருக்கு யாரும் திரும்பிப் போக முடியாது. அதனால் இந்த வாரமே, குவார்ட்டர்ஸ் வாசலில் கோலமாவைக் கொடுத்து அந்த ஊரை வரையச் சொல்லுங்கள். ஏரி எங்கே, களம் எங்கே, எந்த வரப்பில் எந்தக் கீரை என்று அவர் வாயாலேயே வரட்டும். கூடப் பிறந்தவர்கள், அண்டை வீட்டார் யாராவது இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வரைவதற்குள் இரண்டு சண்டையாவது வரும். அந்தச் சண்டையையும் எழுதிக்கொள்ளுங்கள்.