பழைய சைக்கிளில் கார்பன் பாகங்கள்

கேள்வி: பத்து வருஷத்துக்கு முந்திய ரோடு பைக் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார் எல்லாம் கார்பன். ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை என்கிறார் விற்பவர். நாணயத்தால் தட்டிப் பார்த்தாலே குறை தெரிந்துவிடும் என்கிறார் நண்பர். நம்பி வாங்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வயதைக் கண்டு அஞ்ச வேண்டாம். 1986-ல் கிரெக் லெமாண்ட் டூர் தெ பிரான்ஸை வென்ற லுக் சைக்கிளே கார்பன் குழாய்களால் ஆனதுதான்; ஆகவே இது நேற்று வந்த வஸ்துவன்று. ஆனால் உலோகம் பெரும்பாலும் வளைந்தோ நசுங்கியோ தன் நோயை முன்கூட்டிக் காட்டிவிட, எபாக்ஸி பிசினில் அடுக்கடுக்காய்ப் படிந்த கார்பன் இழைகளோ, உள்ளே பிரிந்துபோன பின்னும் மேற்பூச்சின் பளபளப்புக் குன்றாமல் இருந்து, திடீரென்று முறியக்கூடிய ஸ்வபாவம் உடையவை.

நண்பர் சொல்லும் நாணயப் பரிசோதனை வீண் அல்ல. கணீரென்று ஒலித்துவந்த குழாய் ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால் சந்தேகிக்கத்தான் வேண்டும். ஆயினும் குழாயின் கனம் மாறும் இடங்களிலும் ஓசை மாறுமாதலால், அது சந்தேகத்தை எழுப்புமே தவிர நற்சான்று வழங்காது.

தாங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஃபோர்க்கின் ஸ்டியரர் குழாயை. ஃபிரேமுக்குள்ளும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குள்ளும் மறைந்து நிற்கும் இது முறிந்தால், ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். சவாரி செய்பவருக்குத் தப்ப அவகாசமே இராது. 2006-ம் ஆண்டு பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்கேப்பி அப்படித்தான் வீழ்ந்தார். அங்கே முறிந்ததோ அலுமினியக் குழாய் என்பதால், பொருளைக் காட்டிலும் இடமே அபாயகரமானது என்பது விளங்கும். ஆதலால் ஃபோர்க்கை முழுவதும் கழற்றச் சொல்லி, ஸ்டெம் கவ்விய பகுதியையும் அடியில் ஃபோர்க் கால்கள் பிரியும் சந்தியையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, பஞ்சால் மெல்லத் தடவுங்கள். பஞ்சு எங்கேனும் சிக்கினால் அங்கே கார்பன் இழை அறுந்திருக்கிறது. குழாய்க்குள் பல் பதித்து இறுக்கும் ஸ்டார் நட் அடிக்கப்பட்டிருந்தால், அந்த ஃபோர்க்கை வேண்டாமென்றே சொல்லிவிடுங்கள்; அது உலோகக் குழாய்க்கே உரியது.

ஹேண்டில்பாரைச் சோதிக்கவே வேண்டாம். ஸ்டெம் போல்ட்டுகளைப் பெரும்பாலும் 5 நியூட்டன்-மீட்டர் அளவிலேயே இறுக்க வேண்டும்; மிகுந்தால் கார்பன் நசுங்கிவிடும். முன்னவர் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினாரா, கைபோன போக்கில் முறுக்கினாரா என்பதை யார் அறிவார்? புதிய அலுமினிய ஹேண்டில்பார் ஒன்றின் கிரயத்தை விலையில் கழித்துக்கொண்டு, பழையதை அகற்றிவிடுவதே உத்தமம்.

சக்கரங்களைப் பற்றித் தாங்கள் எழுதவில்லை. அவையும் கார்பனாகி, பிரேக் விளிம்பையே பிடிப்பதாயின், குன்னூர் மலையிறக்கம் போன்ற நீண்ட சரிவுகளில் பிரேக் சூட்டால் விளிம்பின் பிசின் இளகிக் கெடக்கூடும். பிரேக் பிடிக்கும் பரப்பில் புடைப்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஃபோர்க்கைக் கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தச் சைக்கிளை வாங்காதீர்கள்.