ஊசியிலையும் குளிரும்



ஊசியிலை மரத்தின் புதைபடிவம் அகப்பட்ட இடமெல்லாம் ஒரு காலத்தில் குளிர்ப் பிரதேசமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று சென்ற கடிதத்தில் நீ போகிறபோக்கில் எழுதிய வாக்கியம் நான்கு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. குலப்பெயரைக் கேட்டுக் குணத்தை நிச்சயிப்பதற்கு ஒப்பான பிழை இது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், மழை மிகுந்த பசுங்காட்டில், அகன்ற இலையோடு நிற்கும் நேஜியா விருட்சமும் இந்த வர்க்கந்தான். அதற்கு ஊசியும் இல்லை, பனியும் இல்லை.

வடதுருவத்தை அடுத்து, ஏறத்தாழ 80 டிகிரி வட அட்சத்தில், கனடாவைச் சேர்ந்த ஆக்ஸல் ஹைபர்க் தீவு இருக்கிறது. மரமென்று சொல்லத்தக்க எதுவும் இன்று முளைக்காத அவ்விடத்தில், சுமார் நாலரைக் கோடி வருஷங்களுக்கு முற்பட்ட அடிமரங்கள், கல்லாகிவிடாமல், ரம்பத்தால் அறுக்கத்தக்க மரமாகவே வேரூன்றி நிற்கின்றன. அவற்றின் அடியில் மெட்டாசெக்வோயா என்னும் ஊசியிலை வர்க்கத்து மரத்தின் சருகு மெத்தைபோல் படிந்திருக்கிறது. இலைகள் தனித்தனியே அன்றிச் சிறுகிளையோடு சேர்ந்தே உதிர்ந்திருப்பதைக் கவனி. பருவந்தோறும் இலையுதிர்த்த மரம் அது. சூரிச் நகரத்துத் தாவரப் படிவ அறிஞர் ஆஸ்வால்ட் ஹேர் 1868 முதல் வெளியிட்ட துருவத் தாவரப் பெருநூலின் சித்திரங்களை இளமையில் நான் இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததுண்டு. அவர் செக்வோயா, டாக்ஸோடியம் என்று பெயரிட்ட கிளைகளில் பலவும் உண்மையில் மெட்டாசெக்வோயாவே என்பது, ஜப்பானிய அறிஞர் ஷிகேரு மிகி, இலைகள் எதிரெதிராக அமைந்திருப்பதைக் கண்டு 1941இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்த பின்னரே விளங்கிற்று. படிவமாக மட்டுமே அறியப்பட்ட அம்மரம் மத்தியச் சீனாவின் ஈரப் பள்ளத்தாக்குகளில் உயிரோடு நிற்பதைச் சீன அறிஞர்கள் 1948இல் விவரித்து வெளியிட்டார்கள். அப்படியானால் அந்தத் துருவத் தீவு அன்று எவ்வளவு வெதுவெதுப்பும் ஈரமுமாக இருந்திருக்கும்!

மாதக்கணக்கான துருவ இருளில் இலைகளை வைத்துக்கொண்டு, சுவாசத்தினால் சேமிப்பைக் கரைப்பதைவிட, அவற்றை உதிர்ப்பதே லாபமென்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நானும் அவ்வாறே போதித்தேன். ஆனால் துருவத்து ஒளியையும் இருளையும் செயற்கையாக அமைத்து இளமரங்களை வளர்த்து, 2003இல் வெளியிட்ட பரிசோதனையில், உதிர்த்த இலைகளால் நேர்ந்த நஷ்டமே பெரிதென்று கண்டார்கள். ஆகையால் இலையுதிர்வை இருளுக்குச் சாட்சியாக எழுதாதே, எழுதினால் அடித்துவிடுவேன்.

இலையின் மேற்பூச்சு தடித்து, இலைத்துளைகள் குழிந்திருந்தால் வறட்சி என்று உடனே தீர்ப்புச் சொல்வதும் அவசரமே. கிரிடேஷியஸ் யுகத்துப் பிரெனலாப்ஸிஸ் என்னும் ஊசியிலை வர்க்கத் தாவரத்தின் இலையும் அத்தகையதுதான்; அது உவர்நிலக் கடற்கரையையும் குறிக்கலாம். உடன் கிடைக்கும் பாறையையும் பிற படிவங்களையும் விசாரித்தே நிச்சயிக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தில் பார்த்து நீ வரைந்தனுப்பிய கிளையில் இலைகள் எதிரெதிரா, மாறிமாறியா என்பது தெளிவாயில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மறுபடி வரைந்து அனுப்பு.