தவறிய பிள்ளையைத் துரத்துவதா, திருப்பி எடுப்பதா?

(பெற்றோர் குழுக்களும் மாலை வகுப்பு ஆசிரியர்களும் கூடியிருந்து படிப்பதற்கான பாடம்)

மெனிக்பாம் முகாமிலிருந்து சனங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மரத்தடியில் மாலை வகுப்பு நடத்தினோம். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வந்தான். இடப்பெயர்வில் அவனுக்கு இரண்டு வருடப் படிப்பு போய்விட்டது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து படித்தான். ஒருநாள் ஒரு சிறுமி அவனைக் 'கிழவன்' என்று நையாண்டி செய்தாள். அவன் எழுந்து போய் அவளுடைய சைக்கிளைத் தூக்கி நிலத்தில் அடித்தான். முன்சில்லு வளைந்துவிட்டது.

நான் கோபத்தோடு, "இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவன் வரவில்லை. சில வாரங்களில் பள்ளிக்கூடமும் போகவில்லை. மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தில் கூலிக்குப் போகிறான் என்று பிறகு அறிந்தேன். அந்தச் சிறுமியின் சில்லோ வளைந்தபடியே கிடந்தது. தூரம் நடக்க முடியாமல் அவளும் வகுப்பை விட்டாள். தண்டனை கொடுத்தாயிற்று, ஆனால் ஒன்றுமே சரிவரவில்லை. ஒரு சில்லுக்காக நான் இரண்டு பிள்ளைகளை இழந்தேன்.

இந்தப் பாடத்தை அந்தத் தவறிலிருந்து தொடங்குகிறேன்.

1. மாடு வயலுக்குள் இறங்கினால்

கமக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது கடினமல்ல. காலபோகத்தில் ஒருவருடைய மாடு இன்னொருவருடைய வயலுக்குள் இறங்கிவிட்டால் என்ன செய்கிறோம்? மாட்டுக்காரரை ஊரைவிட்டுத் துரத்துவதில்லை. வட்ட விதானையாரோ கமக்காரர் அமைப்பினரோ வந்து அழிவைப் பார்க்கிறார்கள். இரு பகுதியாரும் பேசுகிறார்கள். இவ்வளவு நட்டஈடு என்று தீர்க்கிறார்கள். பிறகு வேலியில் எங்கே பொட்டு விழுந்தது என்று பார்த்து அடைக்கிறார்கள். அடுத்த போகத்திலும் அந்த இருவரும் ஒரே வாய்க்கால் தண்ணீரைத்தான் பாய்ச்ச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அழிவைப் பார்த்தல், ஈடு செய்தல், வேலியை அடைத்தல். பிள்ளைகள் விடயத்திலும் இந்த மூன்றையும் செய்வதையே 'உறவைச் சீராக்கும் நீதி' என்கிறார்கள். வழக்கமான தண்டனை, "குற்றவாளி யார்? என்ன அடி கொடுக்கலாம்?" என்று கேட்கிறது. இந்த நீதி, "யாருக்கு நோவு வந்தது? அவருக்கு என்ன தேவை? அதைச் செய்து கொடுக்கும் கடமை யாருக்கு?" என்று கேட்கிறது.

இது உலகம் அறிந்த வழி. 1974இல் கனடாவின் எல்மைரா என்ற ஊரில் இரு இளைஞர்கள் குடிபோதையில் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவரின் யோசனையை நீதிபதி ஏற்று, பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்திக்கும்படி அவர்களை அனுப்பினார். அவர்கள் வீடு வீடாகப் போய்த் தவறை ஏற்று, நட்டத்தைக் கட்டினார்கள். நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வழக்கத்தைத் தழுவி, தவறிய பிள்ளையோடு குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் கூடியிருந்து தீர்க்கும் முறை 1989இல் சட்டமாயிற்று. 1994இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு பாடசாலைக்குள் இம்முறை புகுந்தது. எங்கள் நாட்டிலும் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இணக்கசபைகள் உண்டு. வேலிச் சண்டைக்கு இணக்கம் தேடும் நாங்கள், பிள்ளைக்கு மட்டும் ஏன் பிரம்பைத் தேடுகிறோம்?

2. முரட்டுத்தனத்தின் கீழே

வேலி ஏன் பொட்டானது என்று பார்க்காமல் அடைத்தால் மாடு மறுபடியும் வரும். உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்ற கைநூலைத் தமிழில் எழுதினார். உடலில் காயம் ஆறி வடு இருப்பதுபோல மனதிலும் இருக்கும் என்பதை எங்கள் மொழியில் பரவலாக விளக்கிய நூல் அது. பின்னர் வடக்குக் கிழக்கில் 420 மாணவரிடையே நடத்திய ஆய்வொன்று 2009இல் வெளியானது. குண்டுவீச்சு, ஷெல்லடி, நெருங்கியவரின் மரணம் போன்றவற்றை 100க்கு 92 பேர் அனுபவித்திருந்தார்கள். நால்வரில் ஒருவருக்கு நெருக்கீட்டின் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது.

அப்படியான பிள்ளை சத்தம் கேட்டால் திடுக்கிடும். இரவில் நித்திரை கொள்ளாது. பகலில் வகுப்பில் தூங்கி விழும். படித்தது மனதில் நிற்காது. சிறு பகிடிக்கும் பொங்கி எழும். நாங்கள் சோம்பல், முரடு, மொக்கு என்று பெயர் வைக்கிறோம். அந்தத் தலைமுறை இன்று தாய் தகப்பனாகிவிட்டது. பெற்றோரின் ஆறாத மனம் வீட்டில் கோபமாகவும் குடியாகவும் வெளிவரும்போது, போரைக் காணாத பிள்ளையும் அதைச் சுமக்கிறது.

காயம் காரணமாகலாம், ஆனால் சில்லை உடைத்த பொறுப்பை அது நீக்காது. பொறுப்பையும் ஆறுதலையும் ஒன்றாகக் கொடுப்பதே நாங்கள் படிக்க வேண்டியது.

3. மட்டக்களப்பில் ஒரு தோட்டம்

1996இல் மட்டக்களப்பில் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' தொடங்கியது. இயேசு சபைக் குருவும் ஆற்றுப்படுத்துநருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் அதில் முன்நின்றார்கள். போரால் நொந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். வாரத்தில் ஒரு நாள், பல மாதங்கள் தொடர்ந்து வந்தார்கள். அங்கே சோதனையும் புள்ளியும் இல்லை. களிமண், வர்ணம், கதை, நாடகம், செடிகள், வளர்ப்புப் பிராணிகள் இருந்தன. கூடவே பொறுமையாக இருந்து கேட்கும் பெரியவர்கள் இருந்தார்கள்.

அதிலிருந்து எமக்கு வரும் பாடங்கள் இரண்டு. ஒன்று, பேச முடியாத பிள்ளை கையால் செய்யும்போது பேசத் தொடங்கும். மற்றது, பகைத்த இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே மண்ணைப் பிசைந்தால் உறவாகலாம். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. கத்தரிப் பாத்தியும் கோழிக்கூடும் எங்கள் வளவிலேயே உண்டு.

4. செய்வது எப்படி?

முதலில் கோபம் ஆறட்டும். அன்றே தீர்ப்புச் சொல்லவேண்டாம். பிறகு பொறுப்பான ஒருவர் இரு பிள்ளைகளையும் தனித்தனியே சந்தித்து, கூடிப் பேச விருப்பமா என்று கேட்கவேண்டும். விரும்பினால் மட்டுமே கூடவேண்டும்.

எல்லோரும் வட்டமாக ஒரே உயரத்தில் இருக்கட்டும். தவறிய பிள்ளையின் பக்கத்தில் அவன் நம்பும் ஒருவர், அம்மம்மாவோ மாமாவோ, இருக்கட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது. கேட்க வேண்டியவை இவை:

- என்ன நடந்தது? அப்போது உன் மனதில் என்ன இருந்தது?
- இதனால் யார் யாருக்கு என்ன நோவு?
- (பாதிக்கப்பட்டவரிடம்) உனக்கு எது மிகக் கஷ்டமாக இருந்தது? என்ன செய்தால் சரிவரும்?
- இனி இப்படி நடக்காதிருக்க நாங்கள் எல்லோரும் என்ன செய்யவேண்டும்?

அன்று நான் இப்படிக் கேட்டிருந்தால், அந்தச் சிறுமி தன் நடைத் தூரத்தைச் சொல்லியிருப்பாள். 'கிழவன்' என்ற சொல் எப்படிச் சுட்டது என்று அவனும் சொல்லியிருப்பான். சைக்கிள் கடையில் சில பின்நேரம் நின்று சில்லை நிமிர்த்திக் கொடுப்பதாக அவன் ஒப்புக்கொண்டிருக்கலாம். இனி நையாண்டி செய்வதில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அவனுக்கு விட்டுப்போன கணக்கைத் தனியாகச் சொல்லிக் கொடுப்பது என் கடமையாகியிருக்கும். அதுதான் வேலி அடைத்தல்.

ஒப்புக்கொண்டதைச் சிறிதாக, திகதி குறித்து எழுதுங்கள். இரண்டு வாரத்தில் மறுபடி கூடிப் பாருங்கள். செய்துமுடித்த பிள்ளைக்குப் பழைய பெயரைச் சொல்லிக் காட்டாதீர்கள்.

5. கவனிக்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. பாலியல் துன்புறுத்தலையோ பெரியவர் ஒருவர் பிள்ளைக்குச் செய்த கொடுமையையோ வட்டமாக இருந்து 'சமாதானம்' செய்வது பெரும் அநீதி. அப்படியானால் 1929 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அல்லது பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலரிடம் போங்கள். தன்னைத்தானே காயப்படுத்தும் பிள்ளையை, சாகவேண்டும் என்று கதைக்கும் பிள்ளையைத் தாமதியாமல் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

சட்டமும் எங்கள் பக்கம் நிற்கிறது. பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுக்கும் 2005/17 சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு வெளியிட்டது. 2021இல் உயர் நீதிமன்றமும் ஆசிரியர் அடியால் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது அவனது அடிப்படை உரிமையை மீறியது எனத் தீர்த்தது. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயம். பிள்ளையை நிறுத்துவதாகச் சொன்னால், பெற்றோர் தலைகுனிந்து திரும்பாமல், "கூடியிருந்து பேசுவோம்" என்று அதிபரிடம் மரியாதையோடு கேட்கலாம்.

கலந்துரையாட

1. எங்கள் ஊரில் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் ஏன் விட்டார்கள்?
2. வீட்டில் நாங்கள் பிள்ளையை அடிக்கும்போது, எங்களுடைய எந்தக் கோபத்தை அதன்மேல் இறக்குகிறோம்?
3. வட்டத்தை நடத்த, பிள்ளைகள் நம்பும் ஒருவர் எங்களிடையே யார்?

எத்தனையோ தடவை வீட்டையும் வயலையும் விட்டு எழும்பி ஓடினவர்கள் நாங்கள். "இங்கே உனக்கு இடமில்லை" என்ற சொல் எப்படிச் சுடும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லவேண்டாம்.