நம்பிக்கைகளும் உண்மைகளும்: உருகும் பை எது?

நத்தார் நெருங்கினால் இரத்தோட்டையில் ஒரு பேச்சு தவறாமல் எழும். கண்டியிலோ கொழும்பிலோ வேலை பார்க்கும் பிள்ளை சூப்பர் மார்க்கட்டிலிருந்து உறைந்த வான்கோழி ஒன்றையும், கூடவே ஓவன் பை ஒன்றையும் கொண்டுவந்திருக்கும். உடனே பக்கத்து வீட்டிலிருந்து எச்சரிக்கை வரும்: "பிளாஸ்டிக்குல வச்சா சமைக்கப் போறீங்க அக்கா? சூட்டுல உருகி எறச்சில கலந்துரும், கேன்சர் வந்துரும்." அன்று மாலையே அது வட்ஸ்அப்பில் சுற்றும். மருத்துவர் சொன்னதாக ஒருவர் சேர்ப்பார், வெளிநாட்டில் தடை செய்துவிட்டதாக இன்னொருவர் சேர்ப்பார்.

இந்த வதந்திக்கு இன்னொரு முகமும் உண்டு, அது இதைவிட மோசமானது. ஓவன் பை கிடைக்காதவர்கள், "எல்லாம் பொலித்தீன்தானே, கெட்டியான சொப்பிங் பேக் ஒண்ணுல கட்டி வச்சா ஆகாதா?" என்று கேட்கிறார்கள். ஒருவர் தேவையில்லாமல் அஞ்சுகிறார், மற்றவர் அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமல் இருக்கிறார். பிளாஸ்டிக் என்றால் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம்தான் இருவரையும் ஏமாற்றுகிறது.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் இல்லை. கடையில் தரும் சொப்பிங் பேக்கும் சோற்றுப் பார்சல் கட்டும் லஞ்ச் ஷீட்டும் பொலிஎதிலீன். அது ஏறத்தாழ 105 முதல் 135 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். ஓவன் பை செய்யப்படுவது வெப்பம் தாங்கும் நைலோனாலோ பொலியெஸ்டராலோ. பொலியெஸ்டர் உருக 250 பாகைக்கு மேல் வேண்டும். நைலோன் வகைக்கேற்ப 220 முதல் 260 வரை. பையில் வைத்த வான்கோழிக்கு ஓவனை 175 பாகையில்தான் வைக்கிறோம். பை செய்பவர்களும் பொதுவாக 200 பாகையைத் தாண்ட வேண்டாம் என்றே பெட்டியில் அச்சிடுகிறார்கள். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வதந்தி அங்கேயே முடிந்துவிட வேண்டும். ஆனால் பெட்டியைத் திருப்பி வாசிக்க யாருக்கும் பொறுமை இல்லை, செய்தியை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்ப மட்டும் பொறுமை இருக்கிறது.

பைக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். இறைச்சியிலிருந்து கசியும் நீர் ஆவியாகி உள்ளேயே நிற்கிறது. அந்த ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்புச் சூடு நீர் கொதிக்கும் அளவை ஒட்டியே இருக்கும். ஆகவே இறைச்சியைத் தொடும் பக்கம் ஓவனின் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தது.

"டயொக்சின் வரும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டயொக்சின் என்ற நச்சு உருவாகக் குளோரின் வேண்டும். நைலோனின் கட்டமைப்பிலும் பொலியெஸ்டரின் கட்டமைப்பிலும் குளோரின் கிடையாது. அது இருப்பது பீவீசி என்ற பிளாஸ்டிக்கில். ஓவன் பையிலிருந்து உணவுக்குள் ஒரு துளியும் போகாது என்று இந்தப் பத்தி சொல்லவில்லை. உணவைத் தொடும் எல்லாப் பிளாஸ்டிக்கிலிருந்தும் நுண்ணளவு ஏதாவது கசியும். அதற்காகவே சட்டங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவைத் தொடும் ஒவ்வொரு சதுர டெசிமீற்றருக்கும் மொத்தம் 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. உணவுக்கென்று செய்து, உணவுக்கென்று சோதித்த பை அது.

அந்தப் பையும் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. ஊதிப் பெருத்து ஓவனின் சுவரையோ சூட்டுக் கம்பியையோ தொட்டால் உருகும். கிரில் போட்டால் உருகும். விறகுப் போறணையில் வைத்தாலும் உருகக் கூடும், ஏனென்றால் அதன் தளம் 200 பாகையைச் சுலபமாகத் தாண்டும், சூட்டைக் குறைக்கக் குமிழும் இல்லை. வீட்டில் ஓவன் இல்லாமல் பேக்கரிக்காரரிடம் சுடக் கொடுப்பவர்கள் பையை விட்டுவிட்டு, ஆழமான தட்டில் வைத்து அலுமினியத் தாளால் இறுக்கி மூடிக் கொடுக்கட்டும்.

பைக்குள் முதலில் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைப் போட்டுக் குலுக்க வேண்டும். மாவு எதற்கு என்று அதை விட்டுவிடுகிறார்கள். உருகும் கொழுப்பையும் நீரையும் அது பிணைத்து வைத்துக்கொள்வதால்தான் கொழுப்பு சீறிப் பை வெடிக்காமல் இருக்கிறது. மேற்பக்கம் அரை அங்குல நீளத்தில் ஆறு கீறல் போடுவதும் அதற்கே. கீறினால் சாறு போய்விடும் என்பது வீண் பயம். சாறு தங்குவது அடியில், கீறல் இருப்பது மேலே. பையை இரண்டு அங்குலமாவது ஆழமுள்ள தட்டில் வைத்தால் போதும். வெந்த பின் பையை முகத்துக்கு எதிரே பிரிக்கக் கூடாது, அந்த ஆவி தோலை உரித்துவிடும்.

பையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் பறவையைப் பற்றிப் பேசாததுதான் கோபத்தைக் கிளப்புகிறது. 2017 முதல் 2019 வரை அமெரிக்காவின் 42 மாநிலங்களில் 300க்கும் மேற்பட்டோரைப் படுக்கையில் தள்ளியது பச்சை வான்கோழி இறைச்சியில் இருந்த சல்மொனெல்லா என்ற கிருமி. ஓவன் பையால் அப்படி ஒரு நோய்ப் பரவல் நடந்ததாக யாரும் காட்ட முடியாது. உறைந்த பறவையை இரவு முழுவதும் குசினி மேசையில் வைத்து இளகவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உள்ளே கட்டியாக இருக்கும்போதே வெளித்தோல் கிருமி பெருகும் சூட்டுக்கு வந்துவிடும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் ஒரு நாள் என்று கணக்கிட வேண்டும். ஐந்து கிலோப் பறவை என்றால் நத்தாருக்கு மூன்று நாள் முன்பே பிரிட்ஜின் அந்தத் தட்டுக்கு மாற்றியாக வேண்டும்.

பச்சை இறைச்சியைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவுவதும் ஆபத்தான வழக்கம்தான். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கோழி இறைச்சியைக் கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் கழுவு தொட்டியில் கிருமி இருந்தது; 26 சதவீதத்தினர் அதைப் பக்கத்திலிருந்த சலாதுக்கும் கடத்திவிட்டார்கள். வீட்டில் அறுத்த பறவையைச் சுத்தம் செய்யாமல் முடியாது. அதைப் பாத்திரத்து நீரில், தெறிக்காமல், வேறு உணவு எதுவும் பக்கத்தில் இல்லாதபோது செய்யலாம்.

வெந்துவிட்டதா என்று பார்க்கக் குத்திப் பார்த்து, நீர் தெளிவாக வந்தால் இறக்குகிறார்கள். நிறம் நம்பத் தகுந்த சாட்சி அன்று. இளம் பறவையின் எலும்பருகே நன்றாக வெந்த பிறகும் சிவப்பு நிற்கும். வேகாத இறைச்சியின் நீர் தெளிவாகவும் வரும். தொடையின் தடித்த பகுதியிலும் நெஞ்சிலும், எலும்பைத் தொடாமல், 74 பாகை காட்ட வேண்டும். பைப் பெட்டியிலுள்ள நேர அட்டவணையும் இதற்கு மாற்றாகாது. ஐந்தரை முதல் ஏழு கிலோவுக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் என்ற கணக்கு, பண்ணையில் வளர்ந்த சதைப்பிடிப்பான வெளிநாட்டுப் பறவைகளுக்கானது. நம் பக்கத்துப் பறவைகள் வேறு. சென்னை நந்தனத்தில் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1, நாட்டுக் கறுப்பு இனத்தையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தையும் கலந்தது. அந்த வெள்ளை இனமே சிறிய வீட்டு ஓவனில் அடங்க வேண்டுமென்று 1930களில் அமெரிக்காவில் வளர்த்தெடுக்கப்பட்டது. இனத்துக்கு இனம் உடல் மாறும்போது கடிகாரம் எப்படிப் பொருந்தும்? இறைச்சி வெப்பமானி வாங்குங்கள்.

இன்னும் சில நம்பிக்கைகள். வான்கோழி சாப்பிட்டால் தூக்கம் வருமாம்: அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் டிரிப்டோபன் கோழியில் இருக்கும் அளவுதான், தூக்கம் வருவது வயிறு நிறைந்ததால். பையில் வைத்தால் தோல் சிவக்காதாம்: சிவக்கும், மொறுமொறுப்புத்தான் குறையும், அது வேண்டுமென்றால் கடைசி இருபது நிமிடம் பையை மேலே வெட்டித் திறந்துவிடலாம். பையில் வெளிநாட்டு மசாலாதான் போட வேண்டுமாம்: மிளகும் கராம்பும் ஏலமும் சாதிக்காயும் விளையும் இரத்தோட்டையில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா?

பொலித்தீனுக்குப் பயப்பட வேண்டிய இடம் வேறு. மீதொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 ஏப்ரலில் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்த பிறகு, அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் ஷீட்டையும் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனையும் அரசாங்கம் தடை செய்தது. சுற்றாடலுக்காக வந்த தடை அது. ஆனால் சூடான எண்ணெய்க் குழம்பைச் சாயம் போட்ட சொப்பிங் பேக்கில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பை உணவுக்கென்று செய்யப்பட்டதன்று. பழைய பிளாஸ்டிக்கை உருக்கித் திரும்பச் செய்ததாகவும் இருக்கலாம். சூடும் கொழுப்பும் சேரும்போதுதான் பிளாஸ்டிக்கிலிருந்து அதிகம் கசியும். வருடத்தில் ஒருநாள் வரும் வான்கோழிக்காகப் பதறும் குடும்பம், கிழமைக்கு மூன்று நாள் இந்தப் பையில் குழம்பு வாங்கி வருகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் வாழை நிற்கும் ஊர் இது. பார்சலுக்கு வாழையிலை கேளுங்கள், குழம்புக்கு வீட்டிலிருந்தே மூடியுள்ள பாத்திரம் கொண்டு போங்கள். நத்தார் காலத்தில் சாப்பாட்டுக் கடைகளைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், சமையலறையோடு நின்றுவிடாமல் பார்சல் கட்டும் மேசைக்கும் வந்து, சூடான குழம்பு எந்தப் பையில் ஊற்றப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இரத்தோட்டை பிரதேச சபையும் அதை வற்புறுத்த வேண்டும்.