அலுமினியம் பற்றவைக்கும் முன்

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன்மேல் படிந்த ஆக்ஸைடு படலமோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். பற்று பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எனவே சுத்தம் செய்வதே பாதி வேலை. அசிட்டோன் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷால் தேயுங்கள். அந்த பிரஷ் இரும்பில் படவே கூடாது, தனியாக எடுத்து வையுங்கள். தேய்த்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். தாமதித்தால் படலம் மறுபடி தடிக்கும்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் தொடவே தொடாதீர்கள். வெல்டிங் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்; உயிருக்கே ஆபத்து.

டிக் (TIG) வெல்டிங் மெஷின் வாங்குவதானால் ஏசி மின்னோட்ட வசதி உள்ளதா என்று கேளுங்கள். டிசி மட்டும் தரும் சிறிய இன்வெர்ட்டர் இரும்புக்குச் சரி, அலுமினியத்துக்கு ஒத்துவராது. வாயு, சுத்த ஆர்கான். கம்பி, பொதுவான வேலைகளுக்கு 4043 ரகம்.

சூடேறினால் இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே திடீரென்று குழைந்து விழும். உருகிய இடம் கண்ணாடிபோல் பளபளத்ததும் கம்பியைக் கொடுங்கள். முதலில் கழிவுத் துண்டுகளில் பழகிக்கொள்வது நல்லது.