நாள்பட்ட வலியும் வலி கிளினிக்கும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று சிறு வகுப்பிலேயே கையெழுத்துப் பயிற்சிக்கு எழுதியிருக்கிறோம். நோய் என்றால் காய்ச்சல், அம்மை, மஞ்சள் காமாலை எனப் பெயர் சொல்லக்கூடிய ஒன்று என்பதே நம் எண்ணம். ஆனால் இன்ன நோய் என்று யாரும் பெயர் சொல்லாத ஒரு துன்பம் நம் வீடுகள் பலவற்றில் குடியிருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ஷூ கம்பெனிக்குச் செல்லும் தாய்மார்கள் நாள் முழுவதும் குனிந்த தலை நிமிராமல் அப்பர் தைக்கிறார்கள். தோல் தொழிற்சாலையில் தந்தையர் தண்ணீரில் ஊறிய கனத்த தோலைத் தூக்கிப் போடுகிறார்கள். பீடி சுற்றுவோர் முறத்தை மடியில் வைத்தபடி மணிக்கணக்கில் அசையாது அமர்ந்திருக்கிறார்கள். கழுத்து, தோள், இடுப்பு, மணிக்கட்டு என்று வலி வருகிறது. வந்தது போகாமல் வருடக்கணக்கில் தங்கியும் விடுகிறது.

இவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் தைலம். பிறகு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை. சம்பள நாளன்று ஓர் ஊசி. கடைசியில் கடன் வாங்கி ஸ்கேன் எடுத்தால், "பெரிதாக ஒன்றுமில்லை" என்று தாள் சொல்லுகிறது. அன்றிலிருந்து அந்தத் தாய்க்கு இரண்டு வலிகள். ஒன்று இடுப்பில், மற்றொன்று, "வேலைக்குப் போகச் சோம்பலா?" என்று கேட்பவர்களின் வாயில். இந்த இரண்டாவது வலியை உண்டாக்குகிறவர்களில் நாமும் சில வேளை இருக்கிறோம்.

வலி என்பது என்ன என்று ஆராய்வதற்கு நம் வேலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்து போவதற்கு நோய்க்கிருமியே நேரான காரணம் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். கிருமி நரம்பைக் கெடுத்து வலி தெரியாமல் செய்துவிடுகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், முள்ளின்மேல் நடக்கிறார்கள், காயத்தைக் கவனியாது விடுகிறார்கள், அதனால்தான் விரல் போகிறது என்று அவரும் உடன் உழைத்தவர்களும் கண்டார்கள். உணர்விழந்த பாதங்களுக்கென மெத்தென்ற ரப்பர் செருப்புகள் வேலூரிலும், காட்பாடிக்கு அருகே 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் உருவாயின. உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் நம் பகுதி இதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆக, வலி ஒரு காவல்காரன். கை சுட்டால் கையை எடுக்கச் சொல்லுகிறான். காயம் ஆறியதும் தூங்கப் போகிறான். ஆனால் சிலருக்குத் திருடன் போன பிறகும் காவல்காரன் விசில் ஊதுவதை நிறுத்துவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்பர். நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் வலிக்குப் பழகிக் கூர்மையாகிவிடுவதால், சிறு அசைவும் பெரும் வலியாகத் தெரியும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நரம்பு கூர்மையாகிவிட்டதை அது காட்டாது. ஆகையால் "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்பதும் "வலியே இல்லை" என்பதும் ஒன்றல்ல. வலி ஆராய்ச்சிக்கான உலகச் சங்கம் 2020-இல் வலிக்குத் தந்த விளக்கத்தில், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டும் என்றே சேர்த்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் 2022 முதல் நாள்பட்ட வலிக்குத் தனி இடம் உண்டு.

இத்தகைய வலிக்கென்று தனி மருத்துவப் பிரிவு வேண்டும் என்று வாதாடியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவில் வாழ்ந்த டாக்டர் ஜான் பொனிக்கா. படிப்புச் செலவுக்காக மல்யுத்தம் செய்து, அந்தக் காயங்களின் வலியைப் பிற்காலத்தில் தம் உடம்பிலேயே சுமந்தவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்கு மயக்க மருந்து மருத்துவராக இருந்தபோது, ஒரே மருத்துவரால் இந்த வலியைத் தீர்க்க முடியாது, பலர் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று உணர்ந்தார். 1953-இல் வலி மருத்துவம் பற்றிப் பெரும் நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் காட்டிய வழியில்தான் வலி கிளினிக்குகள் நாடெங்கும் பரவின. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இப்பிரிவு உண்டு. மயக்க மருந்து நிபுணர்களே பெரும்பாலும் இதை நடத்துகிறார்கள். மயக்க மருந்து என்றதும் ஆபரேஷன் என்று பயந்துவிடக் கூடாது. நரம்பின் வழியை நன்கு அறிந்தவர்கள் என்பதே காரணம்.

அங்கு முதல் நாள் போகிறவர் ஏமாற்றமடைவதும் உண்டு. ஊசி போட்டு உடனே அனுப்புவார்கள் என்று நினைத்துப் போனால், கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். வலி எப்போது தொடங்கியது? எரிகிறதா, குத்துகிறதா, மரத்துப் போகிறதா, கரண்டு அடித்தாற்போல் இழுக்கிறதா? மனித உருவம் வரைந்த தாளைத் தந்து வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லலாம். வலியே இல்லாவிட்டால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10 என்று வைத்து, உங்கள் வலி எத்தனை என்றும் கேட்பார்கள். பயந்து எல்லாவற்றுக்கும் 10 என்று சொல்ல வேண்டாம். கூச்சப்பட்டு 2 என்றும் சொல்ல வேண்டாம். தூக்கம் எப்படி, வீட்டில் கவலை உண்டா, கடன் உண்டா என்றும் கேட்கலாம். "இடுப்பு வலிக்கு வந்தால் கடனைப் பற்றி ஏன் கேட்கிறார்?" என்று கோபப்படலாகாது. தூக்கமின்மையும் கவலையும் அதே நரம்புகளை இன்னும் கூர்மையாக்கும். மனநல ஆலோசகரிடம் அனுப்பினால், வலி பொய் என்று சொல்லிவிட்டார்கள் என்று பொருளில்லை.

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது ஒன்று: வலியால் உங்களால் செய்ய முடியாமல் போனது எது? தண்ணீர்க் குடம் தூக்குவதா, கோயிலில் முழந்தாளிடுவதா, மெஷினில் ஒரு மணி நேரம் உட்காருவதா? சிகிச்சையின் இலக்கை அந்தப் பதிலில்தான் வைக்கிறார்கள். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அதன் பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழும்பக் காரணமாக இருந்தவரும் அவரே. முற்றும் குணமாவது ஒன்று, மீண்டும் வாழத் தொடங்குவது ஒன்று. வலி கிளினிக் பெரும்பாலும் இரண்டாவதையே வாக்களிக்கிறது. வலி 8-லிருந்து 4-க்கு இறங்கி, இரவு தூக்கம் வந்தால் அதை வெற்றி என்றே எண்ணுகிறார்கள்.

சிகிச்சை ஒரே வகையல்ல. நரம்பு வலிக்குச் சில வேளை மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ தரும் மருந்தைக் குறைந்த அளவில் தருவார்கள். சீட்டைக் கடைக்காரர் படித்துவிட்டு, "இது மனநோய் மாத்திரை ஆயிற்றே" என்று சொன்னதும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இம்மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் ஆகலாம். தொடக்கத்தில் மயக்கமாகவும் இருக்கும். மெஷினில் தைப்பவர்கள் இதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. சிலருக்கு எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் உதவியோடு நரம்பின் அருகே ஊசி போடுகிறார்கள். அதன் பலன் சில நாளும் இருக்கலாம், சில மாதமும் இருக்கலாம். அந்த இடைவெளியில் உடற்பயிற்சியைப் பழகிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். பயிற்சியை விட்டவர்களுக்கு ஊசி மட்டும் வெகுநாள் துணை நிற்பதில்லை.

உடற்பயிற்சி மருத்துவர் சொல்லித் தருவது பெரிய வித்தையல்ல. வலியில்லாத நாளில் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்து, மறுநாள் படுக்கையில் விழுவதுதான் நம் தாய்மார்களின் வழக்கம். அதற்குப் பதிலாக, வலி தொடங்குமுன்பே வேலையை நிறுத்திச் சிறிது நிமிர்ந்து நடந்து மீண்டும் தொடங்கச் சொல்லுகிறார்கள். கணக்குப் பார்த்துக் கூலி தரும் இடத்தில் இது எளிதல்ல என்பது எங்களுக்குத் தெரியும். மருத்துவருக்கும் அது தெரிய வேண்டும். ஆகவே வேலை எப்படிப்பட்டது, இருக்கை எத்தனை உயரம், எத்தனை மணிக்கு ஒருமுறை எழ முடியும் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் பலவற்றைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரக்கூடும். இடுப்பு வலியோடு கால் திடீரெனச் செயலிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தாலோ வலி கிளினிக்கின் முறைக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாணவிகளே, தாய்க்கு முடியவில்லை என்றால் அடுப்பும் தண்ணீரும் தம்பி தங்கையும் யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். சில வீடுகளில் பத்தாம் வகுப்போடு படிப்பு நிற்பது அப்படித்தான். "ஆண்டவர் தந்த சிலுவை, சுமந்துதான் ஆகவேண்டும்" என்று அம்மா சொல்லலாம். பொறுமை நல்லதுதான். ஆனால் அந்தச் சிலுவையைத் தூக்க வழியில் ஒருவர் உதவினார் என்றும் நாம் வாசிக்கிறோம் அன்றோ?

நீங்கள் செய்யக்கூடியது இது. ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: காலையில் வலி எத்தனை, இரவில் எத்தனை, அன்று என்ன வேலை, எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன மாத்திரை. இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் காலி அட்டைகள், பழைய சீட்டுகள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மொழி புரியாவிட்டால் நீங்கள் விளக்கலாம். ஆனால் அம்மாவின் வாயிலிருந்து வரவேண்டியதை நீங்களே பேசிவிடாதீர்கள். மகள் எதிரில் சொல்ல முடியாத சில காரியங்கள் எந்தத் தாய்க்கும் இருக்கும். நோட்டைக் கொடுத்துவிட்டு, "நான் வெளியே இருக்கிறேன் அம்மா" என்று சொல்லிச் சிறிது நேரம் வராந்தாவில் காத்திருங்கள்.