காவல் நாய்க்குக் காது கேட்க வேண்டாமா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் இனக்கலப்புப் பாடத்துக்கு நம் நாட்டு நாய்கள் நல்ல எடுத்துக்காட்டு.

நாயின் உடலே அதன் வேலையைச் சொல்லும். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறைக்கு ஒல்லியான உடல், நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு. முயலை விரட்டிப் பிடிக்க ஏற்றவை. தேனி மாவட்டத்துக் கோம்பைக்கு வலுவான தாடை, செம்பழுப்பு நிறம், கருத்த முகம். காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்த்தார்கள்.

இராஜபாளையம் நாய் 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் காவல் அது. வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டுமென்றே தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்செவிக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். அதனால் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. அழகுக்கான தேர்வு, காவலுக்கான குணத்தைக் கெடுத்துவிடுகிறது.

செயல்பாடு: ஆசிரியர் உடன் செல்ல, மாணவர்கள் தம் தெருவில் உள்ள நாய்களை எட்ட நின்று பார்த்து நிறம், காது, வால் ஆகியவற்றை அட்டவணையில் குறிக்கட்டும். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியும் உத்திர வீதியும் போதும். தொடவோ சீண்டவோ கூடாது. கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். யாரும் தேர்ந்தெடுக்காத நாய்களிடம் எத்தனை வேறுபாடு என்பது அட்டவணையில் தெரியும்.

மதிப்பீடு: "வெள்ளைக் குட்டிதான் வேண்டும்" என்பவரிடம் வாங்குவதற்கு முன் எதைச் சோதிக்கச் சொல்வாய்? ஏன்?